கோழித் தீவனத்திலிருந்து மரபணு வரை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'வைட்டமின் குறைவும் மரபணு வெளிப்பாடும்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நீ மெக்கானிக்கல்தானே படிச்சே?" என்று காலையிலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். மெக்கானிக்கல்தான். ஆனால் வேலை பார்ப்பது நாமக்கல் பக்கம், கோழித் தீவன ஆலையில். அங்கே கொதிகலன், மிக்ஸர், பெல்லட் மில் இவற்றோடு வைட்டமினும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஒரு டன் தீவனத்தில் நாங்கள் போடும் வைட்டமின் பிரிமிக்ஸ் ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். அந்த ஒரு கிலோவை ஆயிரம் கிலோவில் சீராகக் கலக்க வேண்டும். நீராவிச் சூட்டில் அழியாமல் காப்பாற்ற வேண்டும். கோலின் குளோரைடையும் தாமிர உப்பையும் அதனோடு ஒரே மூட்டையில் போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. இப்படி எங்கள் தினசரிக் கவலையில் பாதி அந்த ஒரு கிலோவைப் பற்றியதுதான்.

இத்தனூண்டு சரக்கு, ஒரு உடம்புக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறது? இந்தக் கேள்வியோடு படிக்க உட்கார்ந்தேன். படித்துக்கொண்டே போய் வந்து நின்ற இடம் மரபணு. எல்லா வைட்டமினையும் பேச நேரம் இல்லை. வைட்டமின் ஏ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பொறியாளர்களாகிய நமக்கு 'குறைவு' என்றதும் ஸ்டோர் ரூம்தான் ஞாபகம் வரும். கம்பி குறைந்தால் தளம் போட முடியாது. கோழிக்குக் கால்சியம் குறைந்தால் முட்டை ஓடு மெலிகிறது. இது கணக்கு, புரிகிறது. வைட்டமின் ஏ-யும் அப்படி ஒரு மூலப்பொருள்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரே ஒரு இடத்தில் அது உண்மை. கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் நிறமியில் வைட்டமின் ஏ ஒரு பாகமாகவே உட்கார்ந்திருக்கிறது. விழித்திரையில் அது இருப்பதை 1933-இல் கண்டவர் ஜார்ஜ் வால்ட். பார்வை பற்றிய ஆய்வுக்காக 1967-இல் நோபல் பரிசும் பெற்றார். ஏ குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான். ஸ்பேர் பார்ட் இல்லை, மெஷின் நிற்கிறது.

ஆனால் உடம்பின் மற்ற பாகங்களில் கதையே வேறு. அதைப் பிரித்துக் காட்டிய ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 1960-இல் ஜான் டௌலிங்கும் இதே வால்டும் எலிகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்காமல், அதன் அமில வடிவமான ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். உடம்புக்குள் ஏ-யிலிருந்து அமிலம் உண்டாகும்; அமிலத்திலிருந்து ஏ திரும்பி உண்டாகாது. ஒருவழிப் பாதை. அந்த எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஆனால் முதலில் மாலைக்கண், பிறகு முழுக் குருடு. அப்படின்னா என்ன அர்த்தம்? பார்வைக்கு வேண்டியது ஏ என்ற பாகம். வளர்ச்சிக்கும் திசுக்களின் நலத்துக்கும் வேண்டியது அந்த அமிலம். பாகமாக இல்லையென்றால் அமிலம் அங்கே என்ன செய்கிறது?

இதற்கான துப்பு அதற்கும் முன்பே, 1925-இல், வோல்பாக், ஹோவ் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் இருந்தது. ஏ இல்லாத உணவு தின்ற எலிகளின் திசுக்களை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மூச்சுக்குழாய், உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய், சிறுநீர்ப் பாதை, கண் என எங்கெல்லாம் ஈரமான, சளி சுரக்கும் மெல்லிய படலம் இருக்க வேண்டுமோ, அங்கெல்லாம் உள்ளங்கால் தோல் மாதிரி காய்ந்த, அடுக்கடுக்கான, கெரட்டின் நிறைந்த படலம் வந்திருந்தது. கெரட்டின் என்பது நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே புரதம்தான். நாங்கள் கோழியில் பார்ப்பதும் இதைத்தான். ஏ குறைந்த குஞ்சைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டும்போது, உணவுக்குழாயின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கடுகு போலப் பருக்கள் தெரியும். சளிச் சுரப்பியின் வாயைக் கெரட்டின் அடைத்துக்கொண்டதால் வந்தவை அவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த எலிகளின் செல்கள் பட்டினியில் வாடிச் சாகவில்லை; அடி அடுக்கில் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருந்தன. தொழிற்சாலை ஓடுகிறது, ஷிப்ட் நடக்கிறது, ஆனால் வெளியே வருவது ஆர்டர் கொடுத்த சரக்கு இல்லை. ஸ்டோரில் சரக்குத் தீர்ந்துபோன ஆலை இப்படி இருக்காது. டிராயிங் மாறிப்போன ஆலைதான் இப்படி இருக்கும்.

மரபணுவை இங்கே கொண்டுவருகிறேன். பயாலஜியைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். டிராயிங் ஆபீஸில் எல்லா மெஷினுக்கும் வரைபடம் இருக்கும். ஷாப் ஃப்ளோருக்கு எல்லாம் போகாது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் நகல் எடுத்து அனுப்புவார்கள். நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் முழு வரைபடமும் இருக்கிறது. அதில் எதை நகல் எடுப்பது என்பதில்தான் கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் ஆகின்றன. நகலுக்குப் பெயர் தூது ஆர்.என்.ஏ. நகல் எடுத்து, அதன்படி புரதம் செய்வதுதான் மரபணு வெளிப்பாடு. 1981-இல் எலைன் ஃபுக்ஸும் ஹோவர்டு கிரீனும் மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, வளர்ப்புத் திரவத்திலிருந்து ஏ-யை நீக்கினார்கள். செல்கள் வேறு வகைக் கெரட்டினைச் செய்ய ஆரம்பித்தன. திரும்ப ஏ சேர்த்ததும் பழைய வகை வந்தது. மாற்றம் தூது ஆர்.என்.ஏ.விலேயே தெரிந்தது. நகல் எடுக்கும் இடத்திலேயே உத்தரவு மாறியிருக்கிறது.

உத்தரவை வாங்கும் ஆள் யார் என்பது 1987 டிசம்பரில் தெரிந்தது. பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க்கில் பியர் ஷாம்போன் குழுவும், கலிபோர்னியாவில் சால்க் நிலையத்தில் ரொனால்டு எவன்ஸ் குழுவும், ஒரே மாதத்தில் நேச்சர் இதழில் ரெட்டினாயிக் அமில ஏற்பியை அறிவித்தன. செல்லின் கருவுக்குள் டி.என்.ஏ.வின் மேலேயே உட்கார்ந்திருக்கும் புரதம் அது. இரண்டு இரண்டாகச் சேர்ந்து உட்காரும். கண்ட இடத்தில் உட்காராது. டி.என்.ஏ.வில் ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறு எழுத்து வந்து, ஐந்து எழுத்து தள்ளி மறுபடியும் அதே ஆறு எழுத்து வர வேண்டும். இரண்டு எழுத்து இடைவெளியிலும் உட்காருவது உண்டு. இது நமக்குப் பழக்கமான விஷயம்தான். பிட்ச் சரியாக இல்லாவிட்டால் போல்ட் இறங்காது.

இனி நான் சொல்வதைக் கண்ட்ரோல் வால்வு தெரிந்தவர்கள் ரசிப்பீர்கள். அமிலம் வந்து ஒட்டாத நேரத்தில் அந்த ஏற்பி சும்மா இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. அமிலம் இல்லாதபோது அது வேறு சில புரதங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, அந்த இடத்து டி.என்.ஏ.வை இறுக்கிச் சுருட்டிப் பிடித்திருக்கிறது. அமிலம் ஒட்டியதும் அந்தக் கூட்டம் கலைந்து வேறு கூட்டம் வருகிறது, சுருள் தளர்கிறது, நகல் எடுப்பு தொடங்குகிறது. இன்ஸ்ட்ருமென்ட் ஏர் நின்றால் ஸ்பிரிங் வந்து வால்வை மூடிவிடுமே, ஃபெயில் குளோஸ் என்போமே, அதுதான் இது. வேறு சில மரபணுக்கள் இதற்கு நேர்மாறு, ஃபெயில் ஓப்பன். அமிலம் இருக்கும்வரை அடங்கியிருந்து, அமிலம் நின்றதும் திறந்துகொள்கின்றன. தோல் வகைக் கெரட்டின் மூச்சுக்குழாயில் முளைப்பதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே வைட்டமின் குறைவு என்பதை 'இல்லாமை' என்று மட்டும் சொல்லிவிட முடியாது. காற்று நின்ற ஆலையில் பாதி வால்வு மூடிக்கொண்டு, மீதி திறந்துகொண்டு, எல்லா பம்பும் ஓடிக்கொண்டிருக்கும் நிலை அது.

அதற்காக உடம்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. நான் வியந்து படித்த பகுதி இது. சாதாரண நாளில் கல்லீரல் ஏ-யைக் கொழுப்போடு கோத்துச் சேமித்து வைக்கிறது. அதற்கு ஒரு நொதி. மிஞ்சிய அமிலத்தை அழிப்பதற்கு இன்னொரு நொதி. எலிக் கல்லீரலில் இந்த இரண்டு நொதிகளுக்கும் உத்தரவு கொடுப்பது அதே ரெட்டினாயிக் அமிலம்தான். சரக்கு நிறைய வந்தால் 'சேமி, மிஞ்சியதை அழி'. சரக்கு குறைந்தால் இரண்டு உத்தரவும் நிற்கின்றன. ஏ குறைந்த எலியின் கல்லீரலில் சேமிப்பு நொதி படிப்படியாகக் குறைந்து ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. அமிலம் கொடுத்தால் திரும்ப வருகிறது. ஆனால் குடலில் இதே சேமிப்பு நொதி குறைவதில்லை! ஏன் என்று யோசித்துப் பாருங்கள். குடலில் அது வாங்கும் கவுன்டர். வறட்சியில் கிடங்கைப் பூட்டலாம், கொள்முதலை நிறுத்தலாமா? இன்னும் ஒரு படி மேலே போய், குடலில் அமிலம் குறைந்தால், கீரையிலும் பப்பாளியிலும் உள்ள பீட்டா கரோட்டினை உள்ளே இழுத்து ஏ-யாக வெட்டும் வேலை அதிகமாகிறது. அதை அடக்கி வைத்திருக்கும் மரபணுவுக்கு அமிலம்தான் உத்தரவு என்று 2010-இல் சுண்டெலியில் காட்டினார்கள். முருங்கைக்கீரையை நம் வீட்டில் எண்ணெய் விட்டு வதக்குவதும் வீண் போகவில்லை. கொழுப்பு இல்லாமல் கரோட்டின் சரியாக உள்ளே போகாது.

எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் போட்டுவிடக் கூடாது என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். கல்லீரலிலிருந்து ஏ-யை இரத்தத்தில் தூக்கிச் செல்ல ஒரு புரதம் உண்டு. ஏ குறைந்த எலியின் இரத்தத்தில் அந்தப் புரதம் மிகவும் குறைகிறது. சரி, அதன் நகலும் குறைந்திருக்கும் என்று பார்த்தால், கல்லீரலில் தூது ஆர்.என்.ஏ. அப்படியே இருக்கிறது! புரதமும் செய்யப்பட்டு உள்ளேயே குவிந்து கிடக்கிறது. லாரி தயார், லோடு இல்லை என்று கேட்டில் நிற்கிறது. ஏ கொடுத்தால் சில நிமிடங்களில் கிளம்பிவிடும். நகல் அளவை மட்டும் பார்த்து முடிவு கட்டுகிறவர்களுக்கு இந்த எலி ஒரு பதில்.

இதுவரை சொன்னது திருப்பிச் சரிசெய்யக் கூடியது. வளர்ந்த பிராணிக்கு ஏ கொடுத்தால் பல மரபணுக்கள் சில மணி நேரத்தில் திரும்புகின்றன. திரும்பாதது ஒன்று உண்டு. அதுதான் கரு.

1933-இல் அமெரிக்காவில் டெக்சாஸில் ஃப்ரெட் ஹேல் என்பவர், ஏ இல்லாத தீவனத்தில் வைத்திருந்த ஒரு பன்றி ஈன்றதைப் பற்றி எழுதினார். பதினொரு குட்டிகள். பதினொன்றுக்கும் கண்விழியே இல்லை. பரம்பரைக் கோளாறு என்றுதான் அன்றைக்கு யாரும் சொல்லியிருப்பார்கள். ஹேல் விடவில்லை. அந்தக் கண்ணில்லாப் பன்றிகளையே இனம் பெருக்கி, சரியான தீவனம் கொடுத்தார். பிறந்த குட்டிகளுக்குக் கண் ஒழுங்காக இருந்தது. மரபணுவில் பழுது இல்லை. படிக்க வேண்டிய நாளில் அதைப் படிக்கச் சொல்ல ஆள் இல்லை. அறுபது வருடம் கழித்து, 1994-இல், ஷாம்போன் குழு இதையே மறுமுனையிலிருந்து செய்து பார்த்தது. சுண்டெலிக்கு நல்ல தீவனம், ஏ-க்குக் குறைவே இல்லை. ஆனால் ஏற்பியின் மரபணுக்களை மட்டும் நீக்கிவிட்டார்கள். கண், இதயம், பெரிய இரத்தக்குழாய்கள், உதரவிதானம் என்று, ஏ குறைந்த தாய் எலியின் குட்டிகளில் எந்தெந்தக் குறைகளை முன்பு பார்த்திருந்தார்களோ, அவற்றில் பெரும்பாலானவை அப்படியே வந்தன. உத்தரவு வராததும் உத்தரவைக் கேட்கும் காது இல்லாததும் ஒன்றாகவே முடிந்தன.

கோழிக்காரனான எனக்கு இவை எல்லாவற்றையும் விட உறைத்தது காடை. மிச்சிகனில் மைஜா ஜைல் என்ற அம்மையார் காடையில் செய்த சோதனை அது. முன்பு சொன்ன அந்த ஒருவழிப் பாதையை நினைவில் வையுங்கள். தாய்க் காடைக்கு ஏ இல்லை, அமிலம் மட்டும். தாய் நன்றாக இருக்கும், முட்டையும் போடும். ஆனால் அமிலத்தைக் கரு வளரப் போதுமானபடி முட்டைக்குள் வைத்து அனுப்ப அதனால் முடியாது. அந்த முட்டையை அடைவைத்தால், கருவின் இரத்தக்குழாய்கள் மஞ்சள் கருவில் போய்ச் சேராது. இதயம் கோணலாக உருவாகும். சில நாட்களில் கரு செத்துவிடும். இதயம் உருவாக வேண்டிய இடத்தில் காட்டா-4 என்ற மரபணுவின் வெளிப்பாடு குறைந்திருப்பதையும் கண்டார்கள். சரி, முட்டைக்குள் ஊசி மூலம் ஏ கொடுத்தால் பிழைக்குமா? பிழைக்கும். ஆனால் அடைவைத்து ஒரு நாள் முடிந்து சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான். அதற்குப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. தாயைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. முட்டையைப் பார்த்தாலும் தெரியாது. எங்கள் தொழிலில் தாய்க்கோழித் தீவனத்துக்குத் தனிக் கவனம் ஏன் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்டால், நான் இந்தக் காடைக் கதையைத்தான் சொல்கிறேன்.

கோழியோடு நிறுத்திவிட முடியாது. ஏனென்றால் இதே விஷயம் நம் ஊர்க் குழந்தைகளிடமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் டாக்டர் லட்சுமி ரஹ்மதுல்லாவும் அவருடன் இருந்தவர்களும் நடத்திய ஆய்வு 1990-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. பள்ளி வயதுக்கு முந்தைய 15,419 குழந்தைகள். ஒரு பாதிக்கு வாரம் ஒருமுறை 8,333 யூனிட் ஏ-யும் வைட்டமின் ஈ-யும். மறு பாதிக்கு ஈ மட்டும். பெரிய டோஸ் அல்ல. சாதாரணமாகச் சாப்பாட்டில் கிடைத்திருக்க வேண்டிய அளவுதான். தன்னார்வலர்கள் வாராவாரம் வீடு தேடிப்போய்க் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைவாக இருந்தது.

கண் வைட்டமின் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த சரக்கு, உயிரை எப்படிக் காப்பாற்றியது? சளிப் படலம் தோலாக மாறினால் மூச்சுக்குழாயிலும் குடலிலும் காவல் போய்விடுகிறது என்பது பாதி பதில். மீதிப் பாதி 2004-இல் ஜப்பானில் மகோட்டோ இவாட்டா குழுவிடமிருந்து வந்தது. நோயை எதிர்க்கும் டி செல்களுக்குக் 'குடலுக்குப் போ' என்ற விலாசத்தை எழுதிக் கொடுப்பது ரெட்டினாயிக் அமிலம். ஏ குறைந்த சுண்டெலியின் குடலில் அந்தச் செல்கள் குறைவாக இருந்தன. படை இருக்கிறது, போக வேண்டிய இடம் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அதே 1990-இல் வெளிவந்த ஹைதராபாத் பகுதி ஆய்வில் மரணம் குறையவில்லை. உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து நடந்து, 2013-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் கிடைத்த வித்தியாசம் 4 சதவீதம்தான். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில். மருத்துவர்களிடையே இன்றும் விவாதம் ஓயவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காற்றழுத்தம் போதுமான அளவு இருக்கும் ஆலையில் இன்னொரு கம்ப்ரஸர் வைத்தால் வால்வு எதுவும் கூடுதலாகத் திறக்காது. அழுத்தமே இல்லாத ஆலையில் வைத்தால் எல்லாம் உயிர்பெறும். எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு குறைவில், எந்த இடைவெளியில் கொடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறுவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கூடினால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் பண்ணைக்காரர்களும் கேட்பார்கள்: "கொஞ்சம் சேர்த்தே போடுங்க சார், தெம்பா இருக்கட்டும்." அமெரிக்க ஆராய்ச்சிக் கழகத்தின் 1994 அட்டவணைப்படி கறிக்கோழிக்குக் கிலோ தீவனத்துக்கு 1,500 யூனிட் ஏ போதும். சூட்டிலும் ஈரத்திலும் போவது போக மிஞ்ச வேண்டும் என்று நடைமுறையில் அதைப் போலப் பல மடங்கு போடுகிறோம். அதற்கும் மேலே ஏற்றிக்கொண்டே போனால் ஏ, வைட்டமின் டி-யின் வேலையையும் ஈ-யின் வேலையையும் கெடுக்க ஆரம்பிக்கும். மனிதரில் இதைவிடக் கொடுமை. முகப்பருவுக்கு ரெட்டினாயிக் அமில வகை மாத்திரை ஒன்று அமெரிக்காவில் 1982-இல் விற்பனைக்கு வந்தது. கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளில் காது, இதயம், மூளை ஆகியவற்றில் குறைகள் இருந்தது 1985-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. கருவில் எந்த வால்வு எப்போது திறக்க வேண்டுமோ, அப்போது மட்டும்தான் திறக்க வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் தங்கைகள் யாரும் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.

கடைசியாக, இளைய மாணவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏ குறைந்திருப்பதை நாம் இரத்தத்தில் அளக்கிறோம். ஆனால் கல்லீரல் இருப்பு கிராமுக்கு 20 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கும்வரை இரத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாது. மேல்நிலைத் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்போதும் குழாயில் அதே வேகத்தில் தண்ணீர் வருவது போல. போதாததற்கு, காய்ச்சல் வந்தால் இருப்பு நன்றாக இருந்தாலும் இரத்த அளவு தற்காலிகமாக இறங்கும். தொட்டியின் மட்டத்தை நேராகக் காட்டும், மலிவான, கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வைக்கக்கூடிய ஒரு கருவி வேண்டும். ஐசோடோப் முறை ஒன்று உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய மெஷினைக் கிராமத்துக்குத் தூக்கிப் போக முடியாது. எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன், பயோடெக் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு நல்ல ப்ராஜெக்ட். தீவனத்திலும் குஞ்சின் கல்லீரலிலும் அளந்து பழக வேண்டுமென்றால் நாமக்கல் பக்கம் வாருங்கள். ஆலையைச் சுற்றிக் காட்டுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முட்டை நிச்சயம்.